அத்தியாயம் 6: மீனும் தயிரும் பிரிட்ஜும்

மட்டக்களப்புப் பக்கம் பிரிட்ஜ் பெரும்பாலும் குசினியில் இருப்பதில்லை. ஹோலில், டிவிக்குப் பக்கத்தில், தலையில் பின்னல் துணியும் பிளாஸ்டிக் பூச்சாடியுமாக நிற்கும். வெளியூர்க்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. என்னைக் கேட்டால் அது நல்ல இடம். விறகடுப்புப் புகையும் காஸ் அடுப்புச் சூடும் நிறைந்த குசினியைவிட ஹோல் குளிர்ச்சியானது. துணி மட்டும் பக்கவாட்டில் தொங்கக் கூடாது. உள்ளே இருந்து எடுத்த சூட்டைப் பெட்டி வெளியே கொட்டியாக வேண்டும். பழைய பெட்டிகளில் பின்னால் தெரியும் கறுப்புக் கம்பி வலை அந்த வேலையைச் செய்தது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கத் தகடுகளுக்குள் ஓடுகின்றன. பக்கங்களைத் தொட்டால் சுடுவது அதனால்தான். அது பழுது அல்ல. பின்னாலும் பக்கங்களிலும் ஒரு கையகலம் இடம் விட்டால் போதும்.

கல்லடி, நாவலடி, காத்தான்குடி போலக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஊர்களில் இன்னொரு கவனம் வேண்டும். உப்புக்காற்று நேராக அடிக்கிற யன்னலுக்கு எதிரே பெட்டியை வைத்தால் பின்வலையும் அடித்தகடும் சீக்கிரம் துருவேறும். மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியாலும் துடைத்துவிடுங்கள்.

படுவான்கரையின் பல ஊர்களுக்கு யுத்தம் ஓய்ந்த பிறகுதான் மின்கம்பி போனது. அங்கே பல வீடுகளில் இப்போது ஓடுவது அந்தக் குடும்பம் வாங்கிய முதல் பிரிட்ஜ். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு பழைய ஆள் இல்லை. பெட்டியோடு வந்த கையேட்டை வாசித்தாலும் அது எந்த ஊர் வீட்டுக்கும் பொதுவாக எழுதியதாகத்தான் இருக்கும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மத்தியானம் 35 பாகையைத் தொடுகிற ஒரு வீட்டில் நெத்தலியும் தயிர்ச்சட்டியும் எப்படி வைப்பது என்று அதில் இராது. இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

குமிழ்

உள்ளே இருக்கிற குமிழில் 1 முதல் 5 வரை, சிலதில் 7 வரை எண்கள் இருக்கும். அவை வெப்பநிலை அல்ல. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். எந்த எண்ணில் உங்கள் பெட்டி எத்தனை பாகையில் நிற்கிறது என்பதை வெப்பமானி ஒன்றுதான் சொல்லும். விலை அதிகமில்லை. நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, அதற்குள் வெப்பமானியை இரவு போட்டுவிட்டு, விடிய யாரும் கதவைத் திறக்க முன்னர் பாருங்கள். 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும்; 3 அல்லது 4 என்றால் மிகவும் நல்லது. மேலே பிரீசரில் சைபருக்குக் கீழே 18 பாகை. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளும் 5 பாகையைத்தான் எல்லையாக வைக்கின்றன. 5க்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். நம்முடைய ஹோல், குசினி, விறாந்தை எல்லாமே எப்போதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன.

இரண்டு கதவுப் பெட்டிகளில் பலதில் பிரீசருக்குள்ளும் ஒரு குமிழ் உண்டு. அதை முழுக்கத் திருகினால் ஐஸ் சீக்கிரம் கட்டும் என்று நினைத்துத் திருகிவிடுகிறார்கள். அந்தக் குமிழ் செய்வது காற்றைப் பங்கு பிரிப்பதை. மேலே கூடக் கொடுத்தால் கீழே குறையும். பிரீசரில் மீன் கல்லாக இருக்க, கீழே கறி புளித்துப்போகிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கீழ்த்தட்டுகளின் பின்சுவரில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். குளிர்காற்று வருவது அதன் வழியே. அதை அடைத்துப் பெரிய சட்டியொன்றை வைத்தால் சட்டியில் இருப்பது உறையும், கதவில் இருக்கிற பால் கெடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் உட்புறம் ஒட்டியிருக்கும் லேபிளில் காலநிலை வகுப்பைப் பாருங்கள். ‘என்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் 32 பாகை வரைக்கும், ‘எஸ்டி’ என்றால் 38 வரைக்கும், ‘டி’ என்றால் 43 வரைக்கும் தாங்கும்படி செய்தது. நம்முடைய பக்கத்துக்கு ‘டி’ வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கைமாறும் பழைய பெட்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவின் பளபளப்பைவிட இந்த ஒற்றை எழுத்து முக்கியம்.

மீன்

வாசலுக்கு வந்து நிற்கிற மீன்காரரிடம் பேச்சு இப்படித்தான் போகும்.

“எப்பத்த மீன் அண்ணன்?”

“ராவு வலை மகள். விடியத்தான் கரைக்கு வந்த. கண்ணப் பாருங்க, பளிங்கு மாதிரி.”

கண்ணைப் பார்க்கலாம், செவுளைப் பிரித்துப் பார்க்கலாம், விரலால் அழுத்திப் பார்க்கலாம். இவற்றோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: “ஐஸில இருந்ததா?” விடிய ஐந்து மணிக்குக் கரைக்கு வந்து பத்து மணிவரை வெறும் பெட்டியில் சுற்றிய மீன், நேற்று மாலை பிடித்து ஐஸில் புதைத்து வைத்த மீனைவிடப் பழையது. இதைப் பலர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ‘ஐஸ் மீன்’ என்றாலே முகம் சுளிக்கிற ஊர் நம்முடையது. ஆனால் மீனின் வயதைக் கூட்டுவது சூடு. மணிக்கூடு அதற்குப் பிறகுதான்.

சூரை, கும்பிளா, சூடை இந்த மூன்றிலும் இது வெறும் ருசிக் கதை அல்ல. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது. மீன் சூட்டில் கிடக்கக் கிடக்க, கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அப்படி மாறிய பிறகு பொரித்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, பிரீசரில் போட்டாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும், சிலருக்கு வயிற்றாலும் போகும். “எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது” என்று காலம் முழுக்கச் சூரையை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மீன் அல்ல, வெயிலில் கிடந்த அந்த நாலு மணித்தியாலம். மணமும் நிறமும் நன்றாக இருக்கிற மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம். ஆகவே இந்த மூன்றையும் ஐஸோடு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துப்புரவு செய்யுங்கள்.

துப்புரவு என்பது குடலையும் செவுளையும் எடுத்து, வயிற்றுக்குள் முள்ளோடு ஒட்டியிருக்கும் இரத்தக் கட்டை விரலால் சுரண்டி, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, தண்ணீர் வடிய வைத்து, சுத்தமான துணியால் ஒற்றுவது. கடைசி இரண்டையும்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஈரத்தோடு பிரீசருக்குள் போய் மெதுவாக உறைகிற மீனில் பெரிய பெரிய ஐஸ் ஊசிகள் உண்டாகி, தசையைக் கிழித்து, இளகும்போது தண்ணீராக வடிந்து சக்கையாகிவிடும். மஞ்சளும் உப்பும் பூசுவது நல்ல பழக்கம், வெடுக்கைக் குறைக்கும். ஆனால் பூசிவிட்டோமே என்று மேசையில் விட்டுவைக்கக் கூடாது.

பிறகு பொதி கட்டுதல். சொப்பிங் பேக்கில் இரண்டு கிலோ மீனை உருண்டையாகச் சுருட்டிப் பிரீசருக்குள் தள்ளினால் வெளிப்புறம் ஒரு மணித்தியாலத்தில் உறையும். நடுவில் இருக்கிற துண்டு நள்ளிரவுக்குப் பிறகும் உறையாமல் கிடக்கும். ஒருநாள் கறிக்கு வேண்டிய அளவை ஒரு பையில் போட்டு, கையால் தட்டித் தட்டையாக்கி, காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டி, பிரீசரின் தரையோடு படும்படி படுக்க வையுங்கள். உறைந்த பிறகு கொப்பிகளை அடுக்குவதுபோல நிமிர்த்தி அடுக்கலாம். திகதியை ஒட்டிவிடுங்கள். சூரை, சூடை போன்ற எண்ணெய் மீன்கள் இரண்டு மூன்று மாதத்தில் காறும். பாரை, மணலை கொஞ்சம் கூடத் தாங்கும். கதவு ஓயாமல் திறபடுகிற வீட்டு பிரீசரில் எதையும் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. கரை இவ்வளவு கிட்டே இருக்க அதற்குத் தேவையும் இல்லை.

உறைய வைக்காமல் கீழே வைக்கிற மீன் ஒருநாள், கூடினால் இரண்டு நாள். மூடியுள்ள பெட்டியில், பிரீசருக்கு நேர்கீழே உள்ள தட்டில் வைக்கலாம். அந்த இடம்தான் ஆகக் குளிர். அந்தத் தட்டு இல்லாத பெட்டியென்றால் சமைத்த சாப்பாடு எல்லாவற்றுக்கும் கீழே வையுங்கள், மீன்தண்ணீர் சொட்டினாலும் சம்பலில் விழாது.

வாவி இறால் தலையிலிருந்து கறுக்கத் தொடங்கும். அந்தக் கறுப்பு இறாலின் சொந்த நொதியம் செய்கிற வேலை. கறுத்ததெல்லாம் நஞ்சு என்பதில்லை, ஆனால் தாமதமாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. தலையைக் கழற்றிக் கழுவி, டப்பாவில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அப்படியே உறைய வைத்தால் காற்றுப் படாது, ஓரம் வெளுத்துக் காயாது. நண்டு உயிரோடு இருந்தால் ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்து அன்றைக்கே சமையுங்கள். செத்த நண்டை பிரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற முடியாது. உயிர் நண்டு மிஞ்சினால் அவித்துச் சதையெடுத்து வைக்கலாம்.

இளக்குவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மத்தியானக் கறிக்கு வேண்டிய பொதியை முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். மறந்துபோனால் பையோடு பச்சைத் தண்ணீரில் போடுங்கள். தட்டையான பொதி அரை மணித்தியாலத்தில் இளகும். வெயிலில் வைக்க வேண்டாம். வெளியே இளகிக் கிடந்ததைத் திரும்ப உறைய வைக்கவும் வேண்டாம்.

தயிர்ச்சட்டி

படுவான்கரை எருமைத் தயிர் மண்சட்டியில் வருவதே அழகு. பிரிட்ஜுக்குள் அந்தச் சட்டி கொஞ்சம் வில்லங்கமான விருந்தாளி. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைய. அதனால்தான் தயிர் தண்ணீர் வற்றிக் கெட்டியாக நிற்கிறது. அதே துவாரங்கள் வழியாகப் பக்கத்தில் இருக்கிற மீன் வெடுக்கும் வெங்காய மணமும் உள்ளே போகும். வாயைக் கட்டியிருந்த கடதாசியைப் பிரித்த பிறகு தயிர் முழுக்கத் திறந்து கிடக்கிறது என்று பொருள். பொருத்தமான தட்டொன்றால் மூடுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைப்பதென்றால் சட்டியோடு சேர்த்து ஒரு சுத்தமான பைக்குள் இட்டுக் கட்டிவிடுவது நல்லது. அடியில் ஒரு தட்டு வைத்தால் கசிகிற நீர் கண்ணாடித் தட்டில் ஓடாது.

கரண்டி காய்ந்ததாக இருக்க வேண்டும். சோறு பட்ட கரண்டி ஒருமுறை உள்ளே போனால், அந்த இடத்திலிருந்து பூஞ்சணம் தொடங்கும். தோண்டிய குழியில் தேங்குகிற தெளிந்த நீர் கெட்டதல்ல. வடித்துவிடலாம், மோரில் சேர்க்கலாம். மேலே பச்சையோ இளஞ்சிவப்போ படர்ந்தால் மட்டும் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள், சட்டியோடு போகட்டும். நல்ல குளிரில் ஒரு கிழமை தாராளமாக இருக்கும். புளிப்பு மட்டும் நாளுக்கு நாள் ஏறும். பிரீசரில் வைத்தால் தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் பிரிந்துவிடும்.

சோறும் கறியும்

சமைத்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது உலகெங்கும் சொல்கிற விதி. அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதற்கு ஒரு வால் வைத்திருக்கிறது: சுற்றுச்சூழல் 32 பாகைக்கு மேலே இருந்தால் ஒரு மணித்தியாலம். அங்கே அது கோடைச் சுற்றுலாவுக்குச் சொன்ன எச்சரிக்கை. நமக்கு ஆண்டில் பாதி நாளும் அந்த வால்தான் விதி.

“சூடாக வைத்தால் பிரிட்ஜ் பழுதாகிவிடும்” என்று மாமிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கொதிக்கிற பெரிய பானையை அப்படியே தூக்கி வைத்தால் பக்கத்தில் இருக்கிற பாலும் மீனும் சூடேறும், மோட்டர் மூச்சு வாங்கும். அதற்காக மத்தியானக் கறியை மேசையில் ஆறவிட்டு இரவு பத்து மணிக்கு உள்ளே வைப்பது அதைவிடக் கெடுதல். அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்து, அல்லது தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி ஆற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மூடி உள்ளே வைக்கலாம்.

தேங்காய்ப்பால் விட்ட சொதி, பாலாணம், கீரைக்கறி எல்லாம் அடுத்த நாளோடு சரி. தேங்காய்ச் சம்பல் அன்றைக்கே முடியட்டும். திருவிய தேங்காய்ப்பூவைச் சின்னப் பொதிகளாக பிரீசரில் வைத்தால் வேலைக்குப் போகிற பெண்களுக்கு விடியற்காலையில் அரை மணித்தியாலம் மிச்சம். சோறு விஷயத்தில் கொஞ்சம் பயம் நல்லது. அரிசியில் இருக்கிற பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான பானையில் அவை விழித்துப் பெருகி விடுகிற நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் அழியாது. தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிற பழஞ்சோறு வேறு. இரவு முழுக்க மூடிக்கிடந்து வியர்த்த சோறு வேறு. பின்னதைப் பிரட்டலுக்கு எடுப்பது வீட்டுக்கு ஆகாத சிக்கனம்.

மரக்கறியில் எல்லாவற்றையும் உள்ளே தள்ள வேண்டியதில்லை. கத்தரிக்காய், வெண்டிக்காய், வெள்ளரி, தக்காளி இவற்றுக்குக் கடும் குளிர் பிடிக்காது. கீழே உள்ள மரக்கறிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் போதும். உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழைப்பழம் வெளியே. வல்லாரையும் பொன்னாங்காணியும் கழுவாமல், கடதாசியில் சுற்றி, பைக்குள் வைத்தால் நாலு நாள் நிற்கும். வெட்டிய வத்தகப்பழத்தை மூடாமல் வைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிற வீட்டில் அதற்கு நடுத்தட்டுத்தான் இடம். 2 முதல் 8 பாகை. கதவு கூடாது, பிரீசருக்கு அடுத்த தட்டும் கூடாது. உறைந்த இன்சுலின் இளகினாலும் பயன்படாது.

பெருநாள் இறைச்சி

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வீடுகளில் ஹஜ்ஜுப் பெருநாளன்று பிரீசருக்குச் சோதனை. குர்பான் இறைச்சி ஒரே நேரத்தில் பல இடத்திலிருந்து வந்து சேரும். எல்லாம் அறுத்த சூட்டோடு. வீட்டு பிரீசர் ஒன்று நாளொன்றுக்கு எவ்வளவு புதிய இறைச்சியை உறைய வைக்கும் என்பது பலவற்றின் லேபிளில் போட்டிருக்கும். சாதாரணப் பெட்டிகளில் இரண்டு முதல் ஐந்து கிலோ. பன்னிரண்டு கிலோவை ஒன்றாகத் திணித்தால் புதியதும் உறையாது, ஏற்கெனவே உறைந்திருந்ததும் இளகும்.

முதல்நாளே பிரீசரைக் காலியாக்கி, குமிழைக் கூட்டிவிடுங்கள். வந்த இறைச்சியைத் துண்டாக்கி, மூடிய பாத்திரங்களில் கீழ்ப்பகுதியில் பரப்பி ஓரிரவு குளிர விடுங்கள். அறுத்த உடனேயே உறைய வைத்த இறைச்சி தசை சுருங்கிக் கடினமாகும் என்பதால் இது ருசிக்கும் நல்லது. மறுநாள் தட்டையான பொதிகளாக, இரண்டு கிலோ இரண்டு கிலோவாக மேலே ஏற்றுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு உம்மாவின் பிரீசரில் வைக்கக் கேட்பதில் வெட்கம் என்ன.

கரண்ட் போனால்

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. நமக்கு இவற்றோடு மார்கழி மழையும் சேர்ந்தது.

கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பகுதி நாலு மணித்தியாலம் தாங்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். இடம் மிஞ்சியிருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி பிரீசரில் வையுங்கள். கரண்ட் போனதும் இரண்டைக் கீழே இறக்கலாம். வீட்டில் இல்லாத நேரம் என்ன நடந்தது என்று தெரிய ஒரு வழி: சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது குத்தி ஐஸுக்கு அடியில் கிடந்தால், எல்லாம் ஒருமுறை இளகித் திரும்ப உறைந்திருக்கிறது, மீனைக் கொட்டிவிடுங்கள். நீண்ட வெட்டென்றால் இன்சுலினை மூடிய டப்பாவில் இட்டு, வெளியே ஈரமூட்டிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

கரண்ட் வந்தவுடன் வோல்டேஜ் ஏறி இறங்கும். கொம்பிரசருக்குள் அழுத்தம் சமப்படவும் சில நிமிடம் வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பிந்தி இணைக்கிற காட் ஒன்றை மாட்டிவிடுங்கள். இன்வேட்டர் பெட்டிக்கு அது தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். போட் எரிந்தால் மாற்றுகிற விலையைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். மல்டி பிளக்கில் பிரிட்ஜைக் கொழுவ வேண்டாம். கதவைத் தொடும்போது விரலில் சுண்டினால் எர்த் சரியில்லை. அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

மழை தொடங்க முன்னர் இன்னொரு வேலை. பெட்டியின் பின்னால், கொம்பிரசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும். உள்ளே வடிகிற தண்ணீர் வந்து சேர்வது அதில்தான். மோட்டர்ச் சூட்டில் அது வற்ற வேண்டும். நம்முடைய ஈரக்காற்றில் வற்றாமல் நிற்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். பீ.எச்.ஐ. வீட்டுக்கு வந்தால் தேங்காய்ச் சிரட்டைக்கும் பூச்சாடிக்கும் அடுத்தபடி எட்டிப் பார்க்கிற இடம் அது. கிழமைக்கு ஒருமுறை கழற்றிக் கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் ஊற்றினால் போகாது. கழற்ற முடியாத தட்டென்றால் பழந்துணியால் ஒற்றி எடுங்கள்.

வெள்ளம் ஏறுகிற வீடுகளில் ஐப்பசியிலேயே பெட்டியை இரண்டு கல் உயரத்துக்கு ஏற்றிவிடுவது நல்லது. கொங்கிறீற் கல் நாலும் சமமாக இருக்க வேண்டும், பெட்டி மட்டும் துளி பின்பக்கம் சாய்ந்திருந்தால் கதவு தானாக மூடும். தண்ணீர் முற்றத்துக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். கொம்பிரசர்வரை தண்ணீர் ஏறிய பெட்டியை, வெளியே காய்ந்து தெரிகிறது என்பதற்காகப் போட்டுப் பார்க்காதீர்கள். புதிய பெட்டிகளில் உள்ள காஸ் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். மெக்கானிக் ஒருவர் திறந்து, வயரைக் காயவைத்து, சோதித்த பிறகு இணைக்கலாம். வெள்ளத்தண்ணீர் தொட்ட சாப்பாடு எதையும் எடுத்துவைக்க வேண்டாம், பையில் கட்டி இருந்த மீனையும் சேர்த்து.